கலர் பாட்டிலும் கமர்கட்டும்

அன்புள்ள சாந்தி,

கடிதம் கிடைத்தது. பேத்தி எழுந்து நடக்கிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். இங்கே அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கடையும் நன்றாக ஓடுகிறது.

புனேயில் கேம்பா கோலா பாட்டிலைப் பார்த்து உன் வீட்டுக்காரர் அப்படிச் சந்தோஷப்பட்டார் என்று எழுதியிருந்தாயே, படிக்கவே நன்றாக இருந்தது. 1977இல் கோகோ கோலா நாட்டை விட்டுப் போனபிறகு வந்த சரக்கு அது. 1993இல் கோகோ கோலா திரும்பி வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துபோனது. 2022இல் ரிலையன்ஸ் அந்தப் பெயரை வாங்கி, அடுத்த வருஷமே மறுபடி இறக்கிவிட்டது. பழைய பெயருக்காக ஆசையாக வாங்கிப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் என் கடையில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தப் பெயரையே முன்னே பின்னே கேட்டிராத காலேஜ் பசங்கள். 200 மில்லி 10 ரூபாய்க்குக் கிடைக்கிறதே!

ஞாபகத்துக்காகவே விற்கிற சரக்கு என்றால் கமர்கட்டும் தேன்மிட்டாயும் இலந்தை வடையும்தான். ஜாடியில் போட்டு முன்னால் வைத்திருக்கிறேன். பிள்ளை சாக்லேட்டைக் காட்டும், அப்பா கை கமர்கட் ஜாடிக்குப் போகும். வாங்கி ஊட்டினால், "கல்லு மாதிரி இருக்குப்பா" என்று அது துப்பிவிடும். "கடிக்கக் கூடாதுடா, கன்னத்தில் அடக்கி வை, வெல்லப்பாகு தானாகக் கரையும், கடைசியில் தேங்காய்ப்பூ வாயில் வரும்" என்று அவர் அங்கேயே நின்று சொல்லிக்கொடுப்பார். பிள்ளை கேட்காது. பொட்டலத்தை அவர்தான் தின்றுகொண்டு போவார்.

பவண்டோ அப்படியில்லை. அந்தக் கலரைப் போடுகிற காளிமார்க் கம்பெனி 1916இல் விருதுநகரில் தொடங்கியது. பவண்டோ நம் பக்கம் கடையை விட்டுப் போகவே இல்லை. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து, 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் சொன்னபோது, பவண்டோ கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்து மாளவில்லை.

நம் வீடுகளில் விருந்தாளி வந்தால்தானே, "ஓடிப்போய் ஒரு கலர் வாங்கிட்டு வா" என்பார்கள்? அவர் அடியில் கொஞ்சம் மிச்சம் வைப்பாரா என்று கதவோரம் நின்று பார்த்தோமே, அந்த ஏக்கத்தையும் சேர்த்துத்தான் இன்றைக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் மகனுக்கு ஃபிரிட்ஜைத் திறந்தால் கலர். ஹாஸ்டலிலிருந்து வந்தால் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவன் கேட்பது அதிரசம். நான் அதைத் தீபாவளிக்கு மட்டும்தான் சுடுவேன். நடுவில் சுட்டுத் தரச்சொல்லி எவ்வளவு கெஞ்சினாலும் நான் இறங்கி வருவதில்லை.

அடுத்த வாரம் அண்ணன் புனே வருகிறான். தேன்மிட்டாயும் இலந்தை வடையும் கொடுத்தனுப்புகிறேன். இலந்தை வடையில் காரம் இருக்கும், குட்டிக்குக் கொடுத்துவிடாதே. உன் மருமகளுக்குப் பிடித்ததா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
மல்லிகா