சிரிக்கவும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்

ஆசிரியருக்கு, நகைச்சுவைப் படங்களில் வரிக்கு வரி கவுன்ட்டர் அடிப்பதைத்தான் ரசிகர்கள் விரும்புகிறார்கள் என்று ஞாயிறு இதழில் வந்த கட்டுரை பாதிதான் உண்மை. கவுன்ட்டர் யாருக்குத்தான் பிடிக்காது? சமீபத்தில் அப்படி ஒரு படத்துக்குப் போயிருந்தேன். முதல் இருபது நிமிடம் அரங்கமே அதிர்ந்தது, நானும்தான் சிரித்தேன், அந்தச் சத்தத்தில் அடுத்த இரண்டு வசனம் காதில் விழவே இல்லை. இடைவேளைக்கு அப்புறமும் மூச்சு விடாமல் அதே வேகத்தில் பேசிக்கொண்டே போக, முன்வரிசையில் ஒவ்வொன்றாகக் கைபேசி வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. நாயகனின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் நண்பர் ஒரு ஜோக் அடித்தார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்கு நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியைப் பாருங்கள். பேசுவது பெரும்பாலும் நாகேஷ்தான், ஆனால் நம் கண் போவது மிரண்டுபோன பாலையாவின் முகத்துக்கு. கேட்பவர் பயப்பட அங்கே இடம் விட்டிருக்கிறார்கள், இப்போதோ எதிரில் நிற்பவரும் பதில் ஜோக்கோடு தயாராக இருக்கிறார். படத்தொகுப்பில் மூன்றுக்கு ஒரு ஜோக்கை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் கேட்பவரின் முகத்தைக் காட்டட்டும். உங்கள் விமர்சகர்களும் அரங்கம் எங்கே சிரித்தது என்பதோடு, எங்கே சிரிப்பதை நிறுத்தியது என்றும் எழுதலாமே.