பையின் ஸ்டிக்கரை எங்கள் கையில் தாருங்கள்

ஆசிரியருக்கு,

மார்பகப் புற்றுநோய் என்று 2012இல் எனது இடது மார்பை எடுத்தார்கள். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில், அதே சத்திரசிகிச்சையிலேயே, எடுத்த மார்புக்குப் பதிலாகச் சிலிக்கோன் பையும் (இம்ப்ளாண்ட்) வைத்தார்கள். பிறகு கிருலப்பனையிலிருந்து 138 பஸ்ஸில் ஐந்து கிழமை மகரகமவுக்குப் போய்க் கதிர்ச் சிகிச்சை எடுத்தேன்.

இரண்டு வருடமாக அந்தப் பக்கம் இறுகிக் கல்லாய்க் கிடக்கிறது. பையைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வு கட்டுமாம். அது சுருங்கி நெரிக்கிறது, கதிர் பட்டவர்களுக்கு இது கூடுதலாக வரும் என்றார் இப்போது பார்க்கிற டொக்டர். சரி, மாற்றுவோம் என்றேன். உடனே கேட்டார்: "என்ன பை? எத்தனை சிசி? தசைக்கு மேலேயா, கீழேயா?"

என்னிடம் இருந்தது வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது எழுதித் தந்த டயக்னோசிஸ் காட் மட்டும். அதில் என் பிரஷர், சீனி எல்லாம் இருக்கிறது. பையைப் பற்றி "இம்ப்ளாண்ட், இடது" என்று இரண்டே சொல். பழைய வைத்தியசாலைக்குப் போய்க் கேட்டேன். அந்தக் காலத்து ஃபைல்கள் இப்போது இல்லையம்மா என்றார் கவுண்டரில் இருந்த பிள்ளை. அதே வருடம் வாங்கிய ஃப்ரிட்ஜின் வாரண்டி காட் என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது!

2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தனது பயோசெல் என்ற சொரசொரப்பு வகைப் பைகளை உலகம் முழுவதிலுமிருந்து மீளப்பெற்றது. அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு அவற்றுக்குத் தொடர்பு இருந்தது. அறிகுறி இல்லாதவர்கள் அகற்றத் தேவையில்லை என்றுதான் அப்போதும் சொன்னார்கள். ஆனால் எனக்குள் இருப்பது அதுவா என்று தெரிந்தால்தானே நான் கவனமாக இருக்கலாம்? எம்.ஆர்.ஐ. எடுத்தோம், பை கிழியவில்லை. எந்தக் கம்பனி என்பது வெளியே எடுத்து, பின்புறத்தில் எழுத்து இருந்தால்தான் தெரியும். அளவு நிச்சயமில்லாததால் புதியதில் இரண்டு மூன்று அளவுகளைத் தயாராக வைக்க வேண்டியிருக்கிறது.

பைப் பெட்டிக்குள்ளேயே கம்பனி, அளவு, தொடரிலக்கம் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வருகின்றன. அதில் ஒன்றை உரித்து டயக்னோசிஸ் காட்டில் ஒட்ட ஒரு நிமிடம் போதும். அரச வைத்தியசாலையோ தனியாரோ, இதைக் கட்டாயமாக்கச் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டாலே போதுமே.

எனக்கு அடுத்த மாதம் சத்திரசிகிச்சை. ஸ்டிக்கரை ஒட்டுவதற்கென்று என் மகள் கொப்பி ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறாள்.

கிருலப்பனை வாசகி,
கொழும்பு