பழைய பிரெஞ்சு சவரக்கத்தியைச் சாணைக்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் பென்ஷன் தாள்களுக்கு அடியில் இரண்டு மடக்கு சவரக்கத்திகள் கிடந்தன. ஒன்று இன்று வெறும் இரும்புத் துண்டு. துரு போகட்டும் என்று அதை ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் மோட்டார் சாணையில் பிடித்துக் கண்ணாடி மாதிரி பளபளக்கத் தந்தார், ஆனால் அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையே கழுத்துப் பகுதியில் இருந்த எழுத்து முழுவதும் போய்விட்டது, வெட்டும் வாய்ப்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. நீலம் வந்தால் எஃகு ஏறக்குறைய 300 டிகிரி சூட்டைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம், சவரக்கத்திக்கு வேண்டிய கடினம் அந்த இடத்தில் இனி இல்லை. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதே தவற்றை நம் ஊரில் வேறு யாரும் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டாவது கத்தியை எங்கள் தெருவில் சலூன் வைத்திருந்து ஓய்வுபெற்ற பெரியவரிடம் காட்டினேன். "முதல்ல எழுத்தப் படி தம்பி, துருவ அப்புறம் பாக்கலாம்" என்றார். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து லென்சில் பார்த்தோம். 'அசியே ஃபோந்து', அதாவது வார்ப்பு எஃகு, அதன் கீழே 'தியேர்'. பிரான்சில் ஓவேர்ஞ் பகுதியில் உள்ள ஊர் அது, பல நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பேர் போனது. அந்தக் காலத்தில் அங்கே த்யுரோல் ஆற்றுத் தண்ணீரில் சாணைக்கல் சுற்றும், தொழிலாளிகள் அதற்கு மேலே பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு தீட்டுவார்கள், குளிருக்கு அடக்கமாகக் கால் மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்களாம். அப்படி ஒருவர் தீட்டிய கத்தியாகக்கூட இது இருக்கலாம் என்று நினைக்கும்போது கை நடுங்குகிறது.

வயதைச் சொல்வதற்கும் எழுத்துதான் துணை. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டது, அதனால் 'பிரான்ஸ்' என்று பொறித்த ஏற்றுமதிக் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. அந்தச் சொல் இல்லை என்பதாலேயே பழசு என்று முடிவு கட்டவும் கூடாது, உள்நாட்டில் விற்றதற்கு அது தேவைப்படவில்லை. அலகின் குறுக்குவெட்டையும் பாருங்கள்: ஆப்பு மாதிரி தடித்திருந்தால் பழைய பாணி, இரு பக்கமும் நன்றாகக் குழிந்திருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு மேல். கைப்பிடியைத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வருகிறதா? அது செல்லுலாய்ட் என்ற பழங்காலப் பிளாஸ்டிக். தயவுசெய்து சூடான ஊசி வைத்துச் சோதிக்காதீர்கள், குப்பென்று தீப்பிடிக்கும். செல்லுலாய்ட் கெட்டுப்போக ஆரம்பித்தால் அதிலிருந்து வரும் ஆவியே அலகைத் துருப்பிடிக்க வைக்கும்.

துரு எடுக்க அவசரம் கூடாது. வாய்ப்பக்கத்தில் டேப் ஒட்டி, எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டு, 600, 1000, 2000 நம்பர் உப்புத்தாளால் கையாலேயே மெதுவாகத் தேய்த்தோம், எழுத்து இருக்கும் இடத்தைத் தொடவே இல்லை. சிவப்புத் துருதான் எதிரி, கருமை படிந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அலகில் தங்கப்பூச்சு எழுத்து இருந்தால் அங்கே துணிகூட அழுத்தக் கூடாது. வாயில் விரிசல் தெரிந்தால் சவரம் செய்யும் ஆசையை விட்டுவிட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீட்டும்போது முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிய வேண்டும், வாய் முன்னே போகும். கல்லுக்குப் பிறகு கத்தியை இழுத்துத் தேய்க்கும் தோல் வாரில் நேர் எதிர், முதுகு முன்னே. எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. கடற்காற்று ஊர் இது, துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும், ஈரம் பிடிக்கும் தோல் உறையில் போட்டு மூடக்கூடாது.

சாணை பிடிப்பவர்களுக்கும் ஞாயிறு சந்தையில் பழைய பொருள் விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிக் கத்தி வந்தால் கல்லில் வைப்பதற்கு முன் அந்த எழுத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்து, கொண்டுவந்தவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி