தண்ணீர் போகும் வழியில் நீயும் ஒருமுறை நட

அம்மாடி,

நேற்று ராத்திரி போனில் நம் மோட்டார் ஹோமைப் பற்றி, அந்த வீட்டு வண்டியைப் பற்றி, நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "டேங்க்கைத் திறந்துவிட்டேன்ப்பா, தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டது, வண்டி குளிர்காலத்துக்குத் தயார்" என்றாய். உனக்குத் தூக்கம் வந்துவிட்டது, நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. டேங்க் காலியாகிவிட்டால் வண்டியில் தண்ணீர் இல்லை என்று ஆகிவிடாது. இந்த வாரக் கடைசியில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் என்கிறாயே, அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும். எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை வண்டிப் பக்கம் போகாதே.

தவறு உன்னுடையது இல்லை. பதினைந்து வருடம் அந்த மோட்டார் ஹோமுக்கு இந்த வேலையை நான் ஒருவனே செய்தேன். ஒரு தடவைகூட உன்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தவில்லை. குளிரில் பிள்ளை ஏன் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். சாவியைக் கொடுத்த அன்று பிரேக், டயர், கேஸ் எல்லாவற்றையும் சொல்லித் தந்தவன், தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அதை இப்போது சொல்கிறேன்.

முதலில் பைப் ஏன் உடைகிறது என்று தெரிந்துகொள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஐஸானால் 1.09 லிட்டர் இடம் கேட்கும். பைப்பின் நடுவில் ஓரிடத்தில் ஐஸ் அடைத்துக்கொண்டு வளர ஆரம்பித்தால், முன்னால் இருக்கிற தண்ணீரை மூடிய குழாயை நோக்கித் தள்ளும். அந்தத் தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஐஸ் கட்டிய இடம் ஒன்று, உடைகிற இடம் வேறொன்றாக இருக்கும். நம் வண்டியில் இருக்கிற பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அதை நம்பி இருந்துவிடாதே. ஜாயின்ட், வால்வு, பம்ப்பின் தலை, ஃபில்டர் கிண்ணம் இவையெல்லாம் நெகிழாது, விரிசல் விடும். அந்த விரிசலும் அன்றைக்குத் தெரியாது. உள்ளே ஐஸ் இருக்கும்வரை ஒரு சொட்டுகூட ஒழுகாது.

வண்டி வாங்கிய முதல் வருடம் நானும் டேங்க்கை இறக்கினேன், உள்ளே இருக்கிற குழாய்களைத் திறந்துவிட்டேன், முடிந்தது என்று பூட்டினேன். இடது பக்கம் வெளியே சின்னக் கதவுக்குள் ஒரு ஷவர் இருக்கிறதே, அதை மறந்துவிட்டேன். நாங்கள் அதைப் பயன்படுத்தியதே இல்லை, அதனால் நினைவில் இல்லை. குளிர் முடிந்து டேங்க்கை நிரப்பிப் பம்ப்பைப் போட்டேன். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. குழாய் எல்லாம் மூடியிருக்கும்போது அது சில நொடிகளில் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கோ தண்ணீர் போகிறது என்று பொருள். எனக்கு அது அப்போது தெரியாது, காற்று அடைத்திருக்கும் என்று ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உன் அம்மா அலமாரிப் பக்கம் கால் வைத்தாள், தரை சொதசொத என்று இருந்தது. வெளி ஷவரின் வால்வில் நகத்தால் கீறியது போல ஒரு விரிசல், அவ்வளவுதான். அதிலிருந்து சுவருக்குள் இறங்கித் தரைப் பலகை ஊறி உப்பிவிட்டது. அலமாரிக்குப் பக்கத்தில் மட்டும் தரை ஏன் வேறு நிறமாக இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டாயே, அதுதான் அந்த இடம்.

அந்த வருடத்துக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வேலை தொடங்குமுன் வண்டிக்குள் தண்ணீர் நுழைகிற வாயிலிலிருந்து கிளம்பி, அது போகிற வழியெல்லாம் நானும் போவேன். நுழைவாய், டேங்க், பம்ப், ஃபில்டர், ஹீட்டர், சமையல் சிங்க், முகம் கழுவும் சிங்க், ஷவர், டாய்லெட், வெளி ஷவர். ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, வாயால் சொல்லிக்கொண்டே போவேன். நீயும் அப்படி ஒரு சுற்று நட. பிறகு கருவியை எடு.

வண்டி சமமாக நிற்கிறதா பார். சாய்ந்து நின்றால் பைப்பின் ஏதோ ஒரு மூலையில் தண்ணீர் தங்கிவிடும். பிறகு இரண்டு கழிவு டேங்க்குகளையும் அதற்கென உள்ள இடத்தில் காலி செய். கழிப்பறை டேங்க்கை முதலில், சிங்க் தண்ணீர் டேங்க்கைப் பிறகு. சிங்க் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். கழிப்பறை டேங்க்கை அலசி விடு.

ஹீட்டரில் மட்டும் அவசரமே படாதே. கேஸ், மின்சாரம் இரண்டு சுவிட்சையும் முந்தின நாள் ராத்திரியே அணைத்துவிடு. அதற்குள் ஏறக்குறைய 23 லிட்டர் தண்ணீர் இருக்கிறது, சூடாக இருக்கும்போது 60 டிகிரி வரை போகும், அழுத்தத்திலும் இருக்கும். அந்த நிலையில் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் உன் மேல் பாயும். காலையில் பம்ப்பை நிறுத்தி, வெளித் தண்ணீர் இணைப்பு இருந்தால் எடுத்துவிட்டு, உள்ளே ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் ஆறிவிட்டதா, வேகம் அடங்கிவிட்டதா பார். வெளியே வந்து, ஹீட்டர் கதவுக்குள் மேலே இருக்கிற அழுத்த வால்வின் நாக்கைத் தூக்கிவிடு. உஸ்ஸென்ற சத்தம் அடங்கியதும் கீழே இருக்கிற பிளக்கைக் கழற்று. நேர் எதிரே நிற்காதே, ஒதுங்கி நில்.

பிளக்கோடு ஒரு நீளக் கம்பி வரும். அதுதான் அனோடு. ஹீட்டர் டேங்க்கின் எஃகைத் தண்ணீர் அரிக்காமல், அதற்குப் பதிலாக இந்தக் கம்பி தன்னை அரிக்கக் கொடுத்துக்கொள்ளும். மெலிந்து, கடித்துப் போட்டது போல இருந்தால் பயப்படாதே, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது போடு. (எல்லா வண்டியிலும் இது இருக்காது. அலுமினிய டேங்க் உள்ள ஹீட்டரில் வெறும் பிளாஸ்டிக் பிளக்தான், அதில் இந்தக் கம்பியைப் போடவே கூடாது. நாளைக்கு வேறு வண்டி வாங்கினால் நினைவில் வை.) டேங்க்குக்குள் ஹோஸால் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினால் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவு கொட்டும். தெளிவாக வரும்வரை விடு.

ஹீட்டரின் பின்பக்கம், வண்டிக்குள், கட்டிலுக்குக் கீழே பலகையைத் தூக்கினால் மூன்று வால்வு தெரியும். ஹீட்டருக்குள் போகிறது ஒன்று, வெளியே வருகிறது ஒன்று, இரண்டையும் குறுக்கே இணைப்பது ஒன்று. கைப்பிடி பைப் ஓடும் திசையிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. குளிர்காலத்துக்கு உள்ளேயும் வெளியேயும் மூடு, நடுவில் இருப்பதைத் திற. இதைச் செய்யாவிட்டால், பைப் உறைந்து உடையாமல் இருக்க நீ பிறகு ஊற்றுகிற ஆன்டிஃப்ரீஸ் திரவம் முழுக்க ஹீட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வண்டிக்கு அடியில் இரண்டு சின்னக் குழாய்கள் தொங்கும், ஒன்று சுடுதண்ணீர், ஒன்று பச்சைத் தண்ணீர். பைப்பிலேயே தாழ்ந்த இடம் அதுதான். இரண்டையும் திறந்து, உள்ளே எல்லாக் குழாய்களையும் திறந்துவிடு. ஃபில்டரைக் கழற்றி அந்தக் கிண்ணத்தையும் கொட்டு. பம்ப்பை அரை நிமிடம் ஓடவிட்டு, அதன் வயிற்றில் இருப்பதைத் துப்ப வை.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தாதே. வளைவுகளில் தண்ணீர் நிற்கும். வெளித் தண்ணீர் நுழைவாயில் காற்று ஊதும் கம்ப்ரசரை மாட்டு. அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது, ஜாயின்ட்டுகள் அதற்கு மேல் தாங்கும் என்று சொல்ல முடியாது. இப்போது குழாய்களை எல்லாம் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திற. சுடுதண்ணீர்ப் பக்கம் தனியாக, பச்சைத் தண்ணீர்ப் பக்கம் தனியாக. முதலில் தண்ணீர் கக்கும், பிறகு சாரல் போல வரும், பிறகு வெறும் காற்று வரும். வெறும் காற்று வந்த பிறகுதான் அடுத்ததுக்குப் போக வேண்டும். டாய்லெட்டின் மிதியையும் அழுத்திப் பிடி. வெளி ஷவருக்கு எழுந்து போய் அதன் இரண்டு குமிழையும் திற, கைப்பிடி ஷவரைக் கீழே தொங்கவிட்டு உதறு. இதை நான் மூன்று தரம் எழுதினாலும் கோபித்துக்கொள்ளாதே.

அதன் பிறகு ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ். காற்று ஊதினால் போதாதா என்று கேட்பாய். பலர் அதோடு விடுகிறார்கள், அவர்கள் வண்டியும் தப்பிக்கிறது. ஆனால் பம்ப்புக்குள்ளும் சிங்க்குக்குக் கீழே இருக்கிற வளைவுகளிலும் காற்று முழுசாக வேலை செய்யாது. நீ தனியாக இருக்கிற இடத்தில், குளிர் கடுமையான ஊரில், எனக்கு இரண்டும் செய்தால்தான் நிம்மதி.

வாங்கும்போது புட்டியைப் படித்து வாங்கு. ஆர்.வி.க்கென்றே, அதாவது நம் வண்டி போன்றவற்றுக்கென்றே விற்கிற, புரோப்பிலீன் கிளைக்கால் போட்டதுதான் வேண்டும். காரின் ரேடியேட்டருக்கு ஊற்றுவது எத்திலீன் கிளைக்கால், அது விஷம், குடிக்கிற தண்ணீர் ஓடும் பைப்பில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. புட்டியில் மைனஸ் 50 என்று போட்டிருக்கும். அது ஃபாரன்ஹீட், ஏறக்குறைய மைனஸ் 46 செல்சியஸ். அதுவரை உறையவே உறையாது என்று நினைத்துவிடாதே. அதற்கு வெகு முன்பே கூழ் போல ஆகிவிடும், ஆனால் பைப்பை உடைக்கிற அளவுக்கு இறுகாது, அதைத்தான் அந்த எண் சொல்கிறது. தண்ணீர் கலந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அதனால்தான் முதலில் காற்றால் ஊதச் சொன்னேன். நீயாக எதையும் கலக்காதே, அப்படியே ஊற்று.

வண்டிக்கு அடியில் திறந்த இரண்டையும் மூடு. பம்ப்புக்கு முன்னால் ஒரு வால்வும் ஒரு குட்டிக் குழாயும் இருக்கின்றன. வால்வைத் திருப்பி, குழாயைப் புட்டிக்குள் விட்டுப் பம்ப்பைப் போடு. டேங்க்குக்குள் ஊற்ற வேண்டாம், வீண். பம்ப்புக்குக் கிட்ட இருக்கிற குழாயிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் நல்ல ரோஸ் நிறமாக வரும்வரை திற. வெளுத்த ரோஸ் வந்தால் இன்னும் தண்ணீர் கலந்திருக்கிறது, விடு. டாய்லெட், ஷவர், வெளி ஷவர். நம் வண்டிக்கு 8 லிட்டரிலிருந்து 11 லிட்டர் வரை ஆகும்.

கடைசியாக யாரும் நினைக்காத ஓரிடம், நீ கம்ப்ரசர் மாட்டினாயே, அந்த நுழைவாய். அதற்குள் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற ஒரு வால்வு இருக்கிறது, அதன் பின்னாலும் தண்ணீர் நிற்கும். பம்ப்பை நிறுத்தி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, வாயில் இருக்கிற வலையை எடுத்து, மழுங்கலான குச்சியால் நடுவில் இருக்கிற மொட்டை அழுத்து. ரோஸ் நிறம் பீய்ச்சினால் சரி. வலையைக் கழுவித் திரும்ப வை. பிறகு ஒவ்வொரு சிங்க்கிலும் ஷவர் துவாரத்திலும் ஒரு கோப்பை ஊற்று. டாய்லெட்டில் கொஞ்சம் தேங்கி நிற்கட்டும், ரப்பர் காயாது.

ஹீட்டர் சுவிட்சின் மேல் "உள்ளே தண்ணீர் இல்லை" என்று எழுதி ஒட்டிவிடு. வெறும் டேங்க்கோடு மின்சாரத்தைப் போட்டால் உள்ளே இருக்கிற சுருள் சீக்கிரமே எரிந்துவிடும். குளிர் முடிந்ததும் எப்படி அலசுவது, 57 லிட்டருக்கு 60 மில்லி வாசனையில்லாத ப்ளீச் கலந்து எப்படிச் சுத்தம் செய்வது என்பதையெல்லாம் அப்போது எழுதுகிறேன். இப்போது உன் மண்டையில் ஏற்ற வேண்டாம்.

பாதி நாள் பிடிக்கும். வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கு, கையுறை போட்டுக்கொள், ஈரக் கையோடு குளிரில் நிற்காதே. சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு. கேமராவைப் பைப்புக்கு நேராகக் காட்டினால் போதும், நான் சொல்லிவிடுவேன். கம்ப்ரசரை நுழைவாயில் மாட்டுகிற பித்தளை இணைப்பைத் தேட வேண்டாம். டூல் பெட்டியின் கீழ்த்தட்டில், உன் பழைய பள்ளிக்கூட மஃப்ளரில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா