கேம்ல காருக்கு விலை போடுறது

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

பசங்க கேம் ஆடி வீணாப்போறாங்கன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, எல்லா கேமும் அப்டி இல்லங்க. என் பையன் ஆடுற கியர்சிட்டிங்கிற கம்ப்யூட்டர் கேம்ல 1900லேர்ந்து கார் கம்பெனி நடத்தணும், சேசிஸ் (வண்டியோட அடிச்சட்டம்), இன்ஜின், கியர்பாக்ஸ் தனித்தனியா டிசைன் பண்ணி வண்டியாக்கி விக்கணும். பொருள் செலவும் கூலியும் கூட்டி மேல கொஞ்சம் லாபம் வச்சு வித்தா கம்பெனி திவால்தான், ஏன்னா டிசைன், ஃபேக்டரி, ஷோரூம் செலவெல்லாம் வண்டி போனாலும் போகாட்டியும் ஓடிக்கிட்டே இருக்கும், அத எத்தன வண்டி மேல பிரிச்சு போடுறோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு. விலைய ஏத்தினா வாங்க ஆளில்ல, வேற தலவலி.

நெசத்துலயும் அப்டித்தானே, ஃபோர்டு மாடல் டி 1908ல 850 டாலர், 1913ல ஹைலேண்ட் பார்க் ஃபேக்டரில நகர்ற அசெம்பிளி லைன் (வண்டி நகர்ந்து வர, ஆளுங்க நின்ன இடத்துலேயே பாகத்த மாட்டுறது) வந்தப்புறம் பன்னெண்டரை மணி நேரம் புடிச்ச சேசிஸ் வேலை ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுது, வண்டி நெறைய வந்து செலவு பிரிஞ்சதுல 1925ல 260 டாலருக்கே ரன்அபவுட்ங்கிற ரெண்டு சீட்டு மாடல் டி கெடச்சுது (டூரிங்ங்கிற பெரிய மாடல் கொஞ்சம் கூட). இத்தனைக்கும் நடுவுல, 1914ல, தொழிலாளிக்கு நாளுக்கு 5 டாலர்னு வேற அறிவிச்சாங்க.

பிரேக் ஈவன் பாயிண்ட்ட (எத்தன வித்தா லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம நிக்கும்ங்கிற கணக்கு) மனப்பாடம் பண்ற காமர்ஸ் பசங்களுக்காக உங்க மாணவர் பக்கத்துல இத பத்தி எழுதலாமே சார்.

ஒரு வாசகர், கோவை