பைனாகுலரை இறக்கச் சொன்னவருக்கு

நேற்று மாலை நாணல் புதரோரம் ஸ்டார்லிங் பறவைகள் அடையவருவதைப் பார்க்கப் போயிருந்தேன். குளிரில் விரல் விறைக்க, பைனாகுலரில் ஒற்றைப் பறவையைத் துரத்திக்கொண்டிருந்த என்னிடம், "அதை இறக்குங்க, மொத்தமா பாருங்க" என்றீர்கள். இறக்கினேன். அந்த நேரம் பார்த்து வல்லூறு ஒன்று பாய்ந்தது. ஆயிரக்கணக்கான பறவைகள் புகைபோலச் சுருங்கி, விரிந்து, தலைக்கு மேலே சிறகோசையோடு கடந்தன. ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள ஆறேழு பறவைகளை மட்டும் கவனித்தே திரும்புகிறது என்றீர்கள். (சந்தேகம்தான், வீட்டுக்கு வந்து தேடினேன். ரோமில் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டிருக்கிறார்கள். சரிதான்!)

அப்புறம் கொட்டிய மாதிரி நாணலுக்குள் இறங்கின, ஒரே கூச்சல். திரும்பினால் உங்களைக் காணோம். நீங்கள் கழற்றித் தந்த கையுறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ரொம்ப நன்றிங்க.