பாப்பாவுக்கு, அந்த குட்டை ஸ்வெட்டர் பத்தி

பாப்பா,

நேத்து நீ போன்ல அழுதப்ப நான் ஒண்ணும் சரியா பேசல. பேச ஆரம்பிக்கறதுக்குள்ள உங்கம்மா போனை வாங்கிட்டா, அவ பேசி முடிச்சப்ப நீ வச்சிட்ட. எனக்கும் போன்ல பேச வராது. அதான் டைப் பண்றேன், ஒரே விரல்ல, தப்பு இருந்தா கண்டுக்காத.

நீ சொன்னதுல எனக்கு புரிஞ்சது இதான். ஸ்வெட்டர் 60 சென்டிமீட்டர் நீளம் வரணும். அதுக்கு முன்னாடி சின்ன சதுரமா போட்ட சாம்பிளை பின்னல் மிஷின்ல இருந்து இறக்கின சூட்டோட அளந்திருக்க, 10 சென்டிமீட்டருக்கு 36 வரிசை. அப்ப 60க்கு 216 வரிசை, கணக்குல தப்பே இல்ல. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் போட்டு, தோளை லிங்க் பண்ணி, அதாவது லூப்புக்கு லூப் கோத்து இணைச்சு, அலசி, விரிச்சு காயவச்சு மறுநாள் அளந்தா 51 சென்டிமீட்டர். க்ராப் டாப்னு சொல்லி சமாளிச்சேன்ப்பான்னு அழுதுகிட்டே நீ சொன்னப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு, அடக்கிட்டேன், இப்ப சொல்லிடறேன். உங்க மேடம் திட்டக்கூட இல்ல, அந்த சாம்பிளை அலசி திருப்பி அளக்க சொன்னாங்க, 42 வரிசை. 216ஐ 42ஆல வகுத்து பாரு, அந்த 51 எங்கருந்து வந்துச்சுன்னு தெரியும். நான் கால்குலேட்டர்ல போட்டு பாத்துட்டேன்.

கடைசில நீ ஒண்ணு சொன்ன, மிஷினே சரியில்லப்பா, துணில தொங்கவிடற வெயிட்டு ஜாஸ்தி இழுக்குதுன்னு. அத கேட்டதுல இருந்து எனக்கு தூக்கம் வரல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நீ லீவுல விட்டுட்டு போன முதல் டெர்ம் நோட்டு நம்ம தையல் கடைல என் மேஜைலதான் இருக்கு. கஸ்டமர் வராத நேரத்துல படிக்கறேன். இத்தனை வருஷம் துணியோடயே இருந்தவன் நான், ஆனா அந்த நோட்டுல பாதி எனக்கு புதுசு. நீ ஸ்டிச்னு எழுதறது எனக்கு தையல், உனக்கு லூப். அதுக்கே எனக்கு நாலு பக்கம் ஆச்சு. நெய்த துணின்னா பாவு ஊடுன்னு ரெண்டு நூலும் ஒண்ணுக்கொண்ணு மேலயும் கீழயும் போய் இறுக்கி புடிச்சுக்கும். உன் துணில ஒரே நூல்தான், ஒரு லூப்புக்குள்ள இன்னொரு லூப், அதுக்குள்ள இன்னொண்ணு. அதான் இழுத்தா நீளுது. லூப் உருவம் மாறுதே தவிர நூல் நீளல. இத நான் யோசிச்சதே இல்ல, இழுத்தா வரும்னு தெரியும், ஏன் வருதுன்னு தெரியாது.

அப்புறம் அந்த ஊசி படம். நீ வரைஞ்சத பாத்தும் புரியல, யூடியூப்ல ஸ்லோவா ஓடவிட்டு பாத்தேன். ஊசி முன்னாடி வரும்போது பழைய லூப் பின்னாடி சறுக்கி கொக்கி வாய்ல இருக்கற அந்த குட்டி மூடிய திறக்குது, கொக்கில புது நூல் விழுது, ஊசி திரும்பி போகும்போது அதே பழைய லூப்தான் மூடிய மூடிட்டு தலைக்கு மேல தாண்டி வெளிய போகுது. திறக்கறதும் அதுதான் மூடறதும் அதுதான். அன்னிக்கு நாலஞ்சு தடவ பாத்தேன், ஒரு ப்ளவுஸ் லேட்டாயிடுச்சு.

இதனாலதான் நூல் மாட்டாம கேரேஜை, அதான் ஊசிங்க மேல தள்ளற அந்த பெட்டிய, ஒரு தடவ தள்ளினா மொத்த துணியும் தொப்புனு தரைல விழுதுன்னு அப்பதான் புரிஞ்சுது. பழைய லூப் கழண்டுடுது, புது லூப் உள்ள வரல. காலேஜ் சேர்ந்த முதல் வாரம் உனக்கு மூணு தடவ விழுந்துச்சுன்னு சொன்னியே, அப்ப நான் ஏதோ கவனமா இரும்மான்னு பொதுவா சொன்னேன். அது அப்பனுக்கு தெரிஞ்ச பதில், டெய்லருக்கு தெரிஞ்ச பதில் இல்ல.

இப்ப நான் சொல்ல வந்தது. கடை போட்ட புதுசுல ஒருத்தர் நல்ல காட்டன் ஜெர்சி துணி கொண்டு வந்தார், வெளியூர்ல இருந்து ஆசையா வாங்கினது, ஒரு காலர் வச்ச டாப் தைக்கணும்னு. நமக்கென்ன, பனியன் துணிதானேன்னு வாங்கி போட்டுட்டேன். வெட்டினதும் ஓரமெல்லாம் சுருள ஆரம்பிச்சுது. நான் அயர்ன் போட்டு அமுக்கறேன், அது மறுபடி சுருளுது. பக்கத்து ஓரம் பின்பக்கமா சுருளும், மேல் கீழ் ஓரம் முன்பக்கமா சுருளும், அது ஜெர்சியோட குணம்னு உன் நோட்டுல இருக்கு, ரிப்ல முன் லூப்பும் பின் லூப்பும் மாத்தி மாத்தி வர்றதால சுருளாதுன்னும் இருக்கு. எனக்கு அன்னிக்கு யார் சொல்றது. சாதா கூர் ஊசிலயே தைச்சேன், அது லூப்ப விலக்காம குத்தி அறுத்து சின்ன சின்ன ஓட்டை. மடிப்ப இழுத்து புடிச்சு தைச்சேன், கீழ் ஓரம் கீரை இலை மாதிரி அலையலையா ஆயிடுச்சு. கழுத்துக்கு நேர் தையல். அவர் தலைல மாட்டினார், படபடன்னு நூல் அறுந்துச்சு, துணி நீண்டுச்சு, என் தையல் நீளல.

அவர்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா, சார் துணி சரியில்ல. அவரும் நம்பிட்டார். பாவம், நான் ஏமாந்துட்டேன் போலன்னு சொல்லிட்டு கூலியும் குடுத்துட்டு போனார். நானும் வாங்கிகிட்டேன். இத உங்கம்மாவுக்கு கூட சொன்னதில்ல. அதுக்கப்புறம் பின்னல் துணின்னு யார் வந்தாலும் நாங்க அத எடுக்கறதில்லன்னு சொல்லியே வருஷத்த ஓட்டிட்டேன். பால்பாயின்ட் ஊசின்னு ஒண்ணு இருக்கு, முனை உருண்டையா, நூலை குத்தாம ஒதுக்கிட்டு போகும், கழுத்துக்கு ஜிக்ஜாக்கோ ஓவர்லாக்கோ போட்டா கூடவே நீளும், இவ்ளோதான் விஷயம். ஒரு ஊசி மாத்தியிருந்தா போதும். மாத்தறதுக்கு துணி சரியில்லன்னு சொல்றத நிறுத்தியிருக்கணும்.

உன் மிஷின் வெயிட்டு இழுக்கத்தான் செய்யும்மா. இழுக்கலன்னா பழைய லூப் ஊசிய விட்டு ஒழுங்கா கழலாது, நீயே எழுதி வச்சிருக்க. இழுபட்ட துணி நீளமா காட்டும், இறக்கி ஒரு ராத்திரி சும்மா கெடக்கவிட்டு, அலசி, காஞ்சதுக்கு அப்புறம்தான் அதோட சொந்த அளவுக்கு வரும். நீ அளந்தது அது மூச்ச புடிச்சுட்டு நின்னப்ப.

சாம்பிள் போடறது போரடிக்குது, டிசைன் பண்ணத்தானே வந்தேன், மாசக்கணக்கா சின்ன சின்ன சதுரமா போட்டுட்டு இருக்கேன்னு முன்ன ஒரு தடவ சொன்ன. எனக்கும் அப்ப நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா நோட்டு படிச்சப்புறம் வேற மாதிரி தோணுது. எனக்கு துணி ரெடியா வருது, கத்தரில உருவம் கொண்டு வரேன். உனக்கு துணியும் உருவமும் ஒண்ணா பொறக்குது, கைக்குழில ரெண்டு ரெண்டு ஊசியா குறைச்சு குறைச்சு வளைவு கொண்டு வர்ற, வெட்டி எறியற துண்டே இல்ல. அப்ப அந்த சதுரம்தானே உனக்கு அளவு டேப்.

ஃபேஷன் ஹிஸ்டரி பக்கமும் படிச்சேன். 1589ல வில்லியம் லீன்னு ஒருத்தர் இங்கிலாந்துல காலுறை பின்ற ஃப்ரேம் பண்ணியிருக்கார், ராணி பேடன்ட் குடுக்கல. பாரிஸ் டிசைனர் ஷனேல் 1910கள்ல ஜெர்சிய பொம்பளைங்க டிரஸ்ஸுக்கு கொண்டு வந்தப்ப, அதுவரைக்கும் அது பெரும்பாலும் ஆம்பளைங்க உள்ளாடை துணி. ஆக பனியன் துணின்னு சொன்னது நான் மட்டும் இல்ல. ஆனா எனக்கு ரொம்ப புடிச்சது ஸ்கியாபரெல்லின்னு இன்னொரு டிசைனரோட 1927 ஸ்வெட்டர், கழுத்துல வெள்ளை ரிப்பன்ல பூ முடிச்சு கட்டின மாதிரி இருக்கும், கட்டவே இல்ல, பின்னல்லயே வந்த படம். அத கையால பின்னினது பாரிஸ்ல இருந்த ஒரு ஆர்மீனிய அம்மா. பின்னாடி இன்னொரு கலர் நூலையும் சேத்து புடிச்சுகிட்டே பின்றதால துணி சும்மா தொங்காம நின்னிருக்கு. பேர் டிசைனருக்கு, அது எப்பவும் அப்படித்தான், அத விடு.

1995ல ஷிமா செய்கின்னு ஒரு ஜப்பான் கம்பெனி மிஷின்ல தையலே இல்லாம முழு ஸ்வெட்டரும் இறங்குச்சுன்னு நீ எழுதி பக்கத்துலயே "அப்பா வேலை போச்சு"ன்னு பேனால கிறுக்கி வச்சிருக்க. பாத்தேன். போகல, இன்னிக்கு காலைல கூட ரெண்டு பேன்ட் ஆல்டர் பண்ணேன்.

ஃபிகர் டிராயிங் விஷயத்துல மட்டும் உங்க காலேஜ்கூட எனக்கு சண்டைதான். ஒரு ஆள் ஒம்போது தலை உயரமாம். நிஜத்துல ஏழு, ஏழரைதான் வரும். ஒம்போது தலை உயரத்துல எனக்கு இதுவரைக்கும் ஒரு கஸ்டமர் வந்ததில்ல. வரையறப்ப அப்படியே வரை, மார்க் போயிடும். ஆனா ஊசி எண்ணும்போது பக்கத்துல உக்காந்திருக்கற உன் ஃப்ரெண்ட பாத்து எண்ணு.

லிங்க்கிங்ல ஒவ்வொரு லூப்பா முள்ளுல மாட்டி கண்ணு எரியுதுன்னியே, வெளிச்சம் பின்னாடி இருந்து வராம பாத்துக்க, பக்கத்துல இருந்து விழணும். கடும் கலர் நூல ராத்திரி மாட்டாத. இந்த ரெண்டும் எனக்கு நிச்சயமா தெரிஞ்ச விஷயம்.

அந்த ஸ்வெட்டர தூக்கி போட்டுடாத. நான் தப்பா வெட்டின துணி தப்பா வெட்டினதுதான், உனக்கு அந்த கதி இல்ல, பிரிச்சா நூல் அப்படியே கைக்கு வந்துடும். நெளிநெளியா இருக்கும், சிட்டமா சுத்தி நனைச்சு கீழ லேசா எதாவது கட்டி தொங்கவிடு, நேராயிடும். 42ல கணக்கு போட்டா 252 வரிசை, முன்னதவிட 36 ஜாஸ்தி, ரெண்டு பக்கத்துக்கும் சேத்து 72, அதுக்கு நூல் பத்துமான்னு கோனை எடை போட்டு பாத்துக்க.

பிரிக்கறப்ப ஒரு தடவ வீடியோ கால் போடு, ஞாயித்துக்கிழமைன்னா கடை லீவு. ரிப் கடைசியா போட்ட முனைல இருந்துதான் பிரியும்னு எழுதியிருக்க, அப்ப மேல தோள்ல இருந்து ஆரம்பிக்கணும், ஆனா தோள்தான் லிங்க் பண்ணியாச்சே, அந்த நூலை எங்க புடிச்சு இழுப்ப? எனக்கு அதுதான் புரியல. கேமராவ கைகிட்ட வச்சு காமி.

அப்பா